காட்டுக்கும் ஒரு கதவு உண்டு

 

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் மக்தபு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிறர் வீடுகளுக்குள் நுழைவதற்குரிய ஒழுக்கங்களை எடுத்துரைக்கும் ஸூரத்துந் நூரின் வசனங்களைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் பாடத்தில் மனம் செலுத்தாமல் அடுத்திருந்தவனின் காதில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"ஹஜ்ரத், எங்கள் நன்னா நேற்று மாலை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இடத்தில் கரடியைப் பார்த்தார்களாம். அதன் முதுகில் ஒரு குட்டியும் உட்கார்ந்திருந்ததாம்."

அவ்வளவுதான், பாடம் மறந்து போயிற்று. "கரடி வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு செத்தவன் போல் படுத்துவிட வேண்டும், அது பிணத்தைத் தொடாது" என்றான் ஒருவன். "மரத்தில் ஏறிக்கொண்டால் போதும்" என்றான் மற்றொருவன். "பள்ளத்தை நோக்கி ஓட வேண்டும், முடி கண்ணில் விழுந்து மறைப்பதால் அதனால் துரத்த முடியாது" என்றான் மூன்றாமவன். நான்காமவன் சட்டைக்குள்ளிருந்து கறுப்புக் கயிற்றில் கோத்த தாயத்தை வெளியே எடுத்தான். "இதற்குள் கரடி முடி இருக்கிறது, ஹஜ்ரத். எந்தப் பயமும் அண்டாது" என்றான்.

இந்த நான்கு விடைகளையும் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. பெரியவர்களாகிய நம்மிடமிருந்தே பெற்றுக்கொண்டார்கள். ஆனால் இவற்றுள் எதை நம்பிக் காட்டோரம் சென்றாலும் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். அந்தக் கவலையே இம்மாதம் என்னை இதனை எழுதத் தூண்டியது.

நம் அண்டை வீட்டார்

தர்மபுரி மாவட்டத்தின் பாலக்கோடு வட்டத்தில், சேலம்–பெங்களூரு இருப்புப்பாதையின் மீது அமைந்த ஊர் மாரண்டஹள்ளி. பஞ்சப்பள்ளியில் சின்னாற்றை மறித்துக் கட்டிய அணையும், தக்காளித் தோட்டங்களும், மாந்தோப்புகளும், புளியமரங்களும் நம் பக்கத்து வாழ்வின் அடையாளங்கள். அத்தோப்புகளுக்கு அப்பால் குன்றுகளும் காடுகளுமாகத் தொடர்ந்து காவிரிக்கரை வரை நீளும் நிலம் யானைக்கும் சிறுத்தைக்கும் கரடிக்கும் உரியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இக்காடுகளில் 2014ஆம் ஆண்டு காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022ஆம் ஆண்டு காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. ஆடு மேய்ப்பவர், புளி உலுக்குபவர், விறகு பொறுக்கும் பெண்கள், மாங்காய்க் காலத்தில் இரவுக் காவல் இருப்பவர் என நம்மவர் பலருக்கு இக்காட்டின் ஓரமே பிழைப்பிடம்.

நம் நாட்டுக் கரடி புதிதாக வந்த விருந்தாளியன்று. சங்கப் புலவர்கள் அதனை 'எண்கு' என்று அழைத்தனர். அது இரவில் புற்றைப் பெயர்த்துக் கறையானின் கூட்டை உண்ணும் காட்சியை அகநானூற்றில் காணலாம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்புலவர்கள் கண்டதையே இன்றைய விலங்கியலாரும் சொல்கின்றனர். இதன் முதன்மை உணவு கறையானும் எறும்பும். அவற்றோடு தேனும், நாவல், இலந்தை, அத்தி, சரக்கொன்றைக் காய் போன்றவையும். மேல்தாடையின் நடுவில் இரண்டு பற்கள் இல்லாமலே இது வளர்கிறது. அந்த இடைவெளி வழியே புற்றுக்குள் ஊதி மண்ணை விலக்கிக் கறையானை உறிஞ்சி இழுக்கிறது. அந்த உறிஞ்சும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

ஓர் ஐரோப்பிய அறிஞர் 1791இல் இதன் நீண்ட நகங்களையும் பல் அமைப்பையும் கண்டு, தென் அமெரிக்க மரங்களில் தலைகீழாகத் தொங்கும் சோம்பல் விலங்கின் இனம் என்று தவறாக வகைப்படுத்திவிட்டார். அதனால் ஆங்கிலத்தில் இதன் பெயரோடு சோம்பல் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையிலோ இந்தச் 'சோம்பேறி' மனிதனை ஓட்டத்தில் எளிதாக வென்றுவிடும்.

இதற்கு மோப்பம் கூர்மை, பார்வையோ மந்தம். புற்றைத் தோண்டும்போது தன் சத்தத்திலேயே மூழ்கிவிடுவதால், அருகில் மனிதன் வருவதையும் அறிவதில்லை. பகலில் பாறை இடுக்கிலோ உண்ணிச்செடிப் புதரிலோ அயர்ந்து உறங்கும். மாலை சாய்ந்து விடியும் வரை அதன் நடமாட்டம் மிகுதி. பெரும்பாலும் இரண்டு குட்டிகள் ஈனும். பிறந்து பல மாதங்கள் வரை தாய் அவற்றை முதுகில் சுமந்தே திரியும்.

இத்தகைய பிராணி மனிதனைக் கண்டவுடன் ஏன் பாய்கிறது? புலியும் சிறுத்தையும் வாழும் காடுகளில் காலங்காலமாக வாழ்ந்து வந்த இனம் இது. மரத்தில் ஏறினாலும் சிறுத்தை பின்தொடரும்; ஓடினால் புலி பிடித்துவிடும். ஆகவே எதிர்த்து நின்று முந்திக்கொண்டு தாக்குவதே அதற்கு அமைந்த தற்காப்பு. எட்டடித் தூரத்தில் திடீரென எழும் மனித உருவமும் அதற்கு ஒரு புலியே! நம்மைத் தின்பதற்காக அது வருவதில்லை; நம்மைக் கண்டு அஞ்சியே பாய்கிறது. இந்த ஓர் உண்மையை விளங்கிக்கொண்டால் மற்ற அனைத்தும் விளங்கிவிடும்.

அச்சத்தால் பாய்ந்தாலும் அதன் நகம் நகமே. மத்தியப் பிரதேசத்தில் 1989 ஏப்ரல் முதல் 1994 மார்ச் வரையிலான ஐந்தாண்டுகளில் கரடித் தாக்குதலால் 48 பேர் இறந்தனர். 687 பேர் காயமுற்றனர். சத்தீஸ்கரின் வடக்கு பிலாஸ்பூர் வனக்கோட்டத்தில் 1998 ஏப்ரல் முதல் 2000 டிசம்பர் வரை 137 தாக்குதல்கள் நிகழ்ந்து 11 பேர் உயிரிழந்தனர். இறந்தோர் எண்ணிக்கையைவிட, முகம் சிதைந்தும் கண் இழந்தும் உயிர் பிழைத்தோரின் எண்ணிக்கையே பெரிது.

நான்கு விடைகளும் நான்கு பிழைகளும்

பிள்ளைகள் கூறிய விடைகளுக்கு வருவோம்.

செத்தவன் போல் படுப்பது என்பது, இரு நண்பர்களும் ஒரு கரடியும் வரும் பழைய கதையிலிருந்து நாம் கற்றது. ஆபத்தில் கைவிடுபவன் நண்பனல்லன் என்பதைப் புகட்டவே அக்கதை சொல்லப்பட்டது. அது காட்டு வழிகாட்டி நூலன்று. கரடி பிணத்தைத் தொடாது என்பதும் உண்மையன்று. தூரத்தில் நம்மைக் கவனியாமல் செல்லும் கரடியின் வழியில் வலியப் படுத்துக்கொள்வது அறிவீனம். ஆயினும் கரடி மேலே விழுந்து தாக்கும் வேளையில் குப்புறப் படுப்பது உயிர் காக்கும். அதன் முறையைப் பின்னர் கூறுகிறேன்.

மரம் ஏறுவது இரண்டாம் பிழை. தேனடையைத் தேடி உயர்ந்த மரங்களில் ஏறும் பிராணியிடமிருந்து மரத்தில் ஒளிய முடியுமா? நாம் கிளையைப் பற்றி எழுவதற்குள் அது காலைப் பற்றிவிடும்.

பள்ளத்தை நோக்கி ஓடுவது மூன்றாம் பிழை. முடி கண்ணை மறைக்கும் என்பது வெறுங்கதை. மேட்டிலும் பள்ளத்திலும் கரடி நம்மைவிட விரைவாக ஓடும். முதுகைக் காட்டி ஓடுவது அதனைத் துரத்தத் தூண்டும். கல்லில் தடுக்கி விழுந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நான்காவது, கரடி முடித் தாயத்து. ஓதிக் கட்டுவது பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளுக்குள் நான் செல்லவில்லை. ஆனால் ஒரு விலங்கின் மயிர் மனிதனைக் காக்கும் என்ற நம்பிக்கைக்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன். அந்தச் சிறுவனிடம் கேட்டேன்: "தம்பி, அந்த முடி முழுவதையும் உடம்பில் வைத்திருந்த கரடியையே மனிதன் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டானே! தன் சொந்தக்காரனைக் காக்காத முடி உன்னை எப்படிக் காக்கும்?" வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை, சிந்தித்தான்.

"அப்படியானால் துஆ ஓதிவிட்டுச் செல்லக் கூடாதா?" என்று கேட்டான். கட்டாயம் ஓத வேண்டும். ஆனால் ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதீயில் வருகிறதல்லவா? காட்டில் கரடிக்கு நம் வரவை அறிவித்துவிட்டு நடப்பதே ஒட்டகத்தைக் கட்டுவது. கட்டாமல் நம்புவதற்குத் தவக்குல் என்று பெயரில்லை.

அனுமதி கேட்கும் ஒழுக்கம்

அன்று நான் நடத்திக்கொண்டிருந்த பாடமே இதற்கு விடையாக அமைந்தது அல்லாஹ்வின் ஏற்பாடு. பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி பெற வேண்டும். வீட்டாருக்கு ஸலாம் கூற வேண்டும். திரும்பிப் போகச் சொன்னால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும் என்று நம் மார்க்கம் கற்பிக்கிறது. இதில் அடங்கிய நுட்பம் என்ன? வீட்டிலிருப்பவர் ஆயத்தமில்லாத நிலையில் இருக்கலாம். திடீரென எதிரில் போய் நின்றால் அவர் திடுக்கிடுவார், நமக்கும் சங்கடம். முன்கூட்டி ஒரு குரல் கொடுத்துவிட்டால் அவர் தம்மைச் சரிசெய்துகொள்வார் அல்லது உள்ளே ஒதுங்கிவிடுவார்.

ஊர்ந்து செல்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை ஸூரத்துல் அன்ஆமில் அல்லாஹ் நமக்கு அறிவிக்கிறான். அச்சமுதாயத்தார் வசிக்கும் வீடு காடு. அதற்கும் ஒரு கதவு உண்டு. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவே. கரடிக்கு ஸலாம் சொல்லுங்கள் என்று நான் கூறவில்லை. ஸலாமில் அடங்கியுள்ள அந்த ஒழுக்கத்தைக் காட்டு வாசலிலும் கடைப்பிடியுங்கள் என்கிறேன். கரடியிடமிருந்து தப்பும் வழியில் பெரும்பகுதி, கரடியைச் சந்திக்குமுன்பே முடிந்துவிடுகிறது.

முதலாவது, குரல் கொடுத்து நடங்கள். புதர் அடர்ந்த இடத்திலும், ஓடைத் திருப்பத்திலும், பாறைகளுக்கு அருகிலும் பேசிக்கொண்டே செல்லுங்கள். கைத்தடியில் ஒரு மணியைக் கட்டிக்கொள்ளுங்கள். மேட்டில் ஏறும்போது தக்பீரும் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் பயண வழக்கமென்று புகாரீயில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த சுன்னத்தைப் பேணி நடப்பவருக்கு நன்மையும் கிடைக்கும்; அவர் வருவதைக் கரடியும் அறிந்து விலகும்.

இரண்டாவது, தனியே செல்லாதீர்கள். இருவர் மூவராகச் சேர்ந்து செல்வோரைக் கண்டால் கரடி விலகவே முற்படும். பிள்ளைகளை விறகுக்கோ ஆட்டுக்கோ தனியே அனுப்பவே கூடாது.

மூன்றாவது, நேரம் பாருங்கள். அந்தி மயங்கியபின்னும் விடியுமுன்னும் காட்டோரப் பாதைகளைத் தவிருங்கள். தோட்ட வீடுகளிலிருந்து ஃபஜ்ருக்கு வருவோர் விளக்கு எடுத்துக்கொண்டு இருவராக வாருங்கள். இருளில் வெளிக்குச் செல்ல வேண்டிய நிலையில் இன்னும் சில வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு கழிப்பறை கட்டுவது மானத்தைக் காப்பதோடு உயிரையும் காக்கும்.

நான்காவது, வீட்டை நோக்கிக் கரடியை அழைக்காதீர்கள். அழுகிய மாம்பழம், பலா, எச்சில் உணவு, எண்ணெய் தோய்ந்த குப்பை ஆகியவற்றின் வாசனை வெகுதூரம் செல்லும். நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரிப் பகுதியில் எண்ணெயைத் தேடிக் கரடிகள் கடைகளிலும் கோயில்களிலும் கதவுடைத்துப் புகுவது அங்குள்ளோர் நன்கறிந்த செய்தி. மரத்தடியில் உதிர்ந்த பழங்களை அன்றன்றே அகற்றுங்கள். குப்பையைப் புதைத்து விடுங்கள்.

எதிரில் கண்டுவிட்டால்

இவ்வளவுக்கும் பின் எதிர்ப்பட்டுவிட்டால் என்ன செய்வது?

அது தூரத்தில் இருந்து நம்மைக் காணவில்லையெனில், ஓசையின்றி வந்த வழியே திரும்பிவிடுங்கள். கண்டுவிட்டதெனில் ஓடாமல், அதன்மீது கண் வைத்தபடி மெல்ல மெல்லப் பின்வாங்குங்கள். கல்லெறியாதீர்கள். அது பின்னங்கால்களில் எழுந்து நின்றால் பெரும்பாலும் பாய்வதற்காக அன்று. நீங்கள் யாரென்று மோப்பம் பிடிக்கவே நிற்கிறது. குட்டி தென்பட்டால், இன்னொரு பக்கத்தில் தாய் உண்டு என்று கொள்ளுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் இடையில் ஒருபோதும் செல்லாதீர்கள். தன் குஞ்சுகளை எடுத்துச் சென்றோரின் தலைக்கு மேல் சிறகடித்துத் தவித்த ஒரு பறவைக்காக, அக்குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன கருணை நபியின் உம்மத்தினர் நாம். அந்தத் தவிப்பே கரடியிடம் சீற்றமாக வெளிப்படுகிறது.

அது பாய்ந்து வந்தால், நின்ற இடத்தில் நில்லுங்கள். கைத்தடியை இடையில் நீட்டிப் பிடித்து உரத்துக் குரல் கொடுங்கள். பாதி வழியில் நின்று திரும்பிவிடும் பாய்ச்சல்களும் உண்டு. மேலே விழுந்தே விட்டதெனில், அப்போது குப்புறப் படுங்கள். முகத்தை மண்ணோடு பதித்து, இரு கை விரல்களையும் கோத்துப் பிடரியை மூடி, முழங்கைகளால் முகத்தின் இருபுறமும் மறைத்துக்கொள்ளுங்கள். புரட்டிவிடாதபடி கால்களை அகற்றி வையுங்கள். முதுகில் பை இருந்தால் அது கேடயமாகும், கழற்ற வேண்டாம். கரடி குறிவைப்பது பெரும்பாலும் தலையையும் முகத்தையும்தான். தாக்குதல் பெரும்பாலும் சிறிது நேரமே நீடிக்கும்; நாம் அடங்கிவிட்டோம் என்று கண்டால் அது விலகிவிடும். அது வெகுதூரம் சென்றுவிட்டது என்று உறுதியாகும் வரை எழாதீர்கள்.

காயம்பட்டவரை உடனே மருத்துவமனை சேர்க்க 108ஐ அழையுங்கள். குருதி பீறிடும் இடத்தைத் தூய துணியால் அழுத்திக் கட்டுங்கள். மற்றக் காயங்களைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சாம்பல், சுண்ணாம்பு, புகையிலை எதையும் அப்பாதீர்கள். நாய் கடித்தால் போடுவது போல வெறிநோய்த் தடுப்பூசியும், அதனோடு இசிவு நோய்க்கான ஊசியும் தேவைப்படும். மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். வனச்சரக அலுவலகத்துக்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள். அரசின் இழப்பீடு பெற அந்தப் பதிவு வேண்டும்.

கூடி நிற்பது உதவியாகாது

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையத்துக்கு அருகே, சிவசைலம் செல்லும் வழியில் மசாலாப் பொருள் விற்கச் சென்ற வியாபாரி ஒருவரை ஒரு கரடி தாக்கியது. அவரை மீட்க ஓடி வந்த இருவரையும் அது விடவில்லை. மூவரும் படுகாயமுற்றனர். மக்கள் திரண்டு கூச்சலிட்டுக் கல்லெறிந்த காட்சிகளை நாடே பார்த்தது. வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்துக் காட்டில் விட்ட அக்கரடியும் பின்னர் இறந்துபோயிற்று.

தம் உயிரைப் பொருட்படுத்தாமல் உதவ ஓடியவர்களின் துணிவை அல்லாஹ் அறிவான். ஆனால் சுற்றி வளைக்கப்பட்ட கரடிக்குத் தப்பிச் செல்லும் வழி தென்படாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தூரத்திலிருந்து ஒன்றாகக் குரல் எழுப்புங்கள், அது விலகிப் போவதற்கு ஒரு பக்கத்தைத் திறந்து விடுங்கள், வனத்துறையை அழையுங்கள். கைப்பேசியில் படம் பிடிப்பதற்காக நெருங்குவது, தன்னைத்தானே அழிவில் போட்டுக்கொள்வதாகும்.

வேட்டைக் கதைகளால் புகழ்பெற்ற கென்னத் ஆண்டர்சன் நம் தர்மபுரி, ஒசூர்க் காடுகளில் அலைந்து திரிந்தவர். 1957இல் வெளியான அவருடைய நூலொன்றில், கர்நாடகத்தின் அரசிக்கெரேப் பகுதியில் பன்னிரண்டு பேரையேனும் கொன்ற ஒரு கரடியைப் பற்றி எழுதியுள்ளார். அதற்குப் பலியானவர்களில் ஒருவர், அங்கிருந்த தர்கா ஒன்றைப் பராமரித்து வந்த முதியவரின் இளவயது மகன். வீட்டை அடுத்த நிலத்தில், இரவின் இருளில் நேர்ந்தது அது. அத்தகைய கொலைக்கரடி மிக அரிது. ஆனால் இருளும் எதிர்பாராத சந்திப்பும் சேருமிடத்தில் சாதாரணக் கரடியும் அப்படி ஆகிவிடலாம்.

நாம் செய்ததும் உண்டு

நாம் அதன் வீட்டுக்குள் நுழைந்ததைப் பேசினோம். நம்மில் சிலர் அதனை நம் வீட்டு வாசலுக்கே இழுத்து வந்த கதையும் உண்டு. என் சிறு வயதில் கரடிக்காரர் தெருவுக்கு வந்தால் தாய்மார் குழந்தைகளை அதன் முதுகில் ஏற்றி இறக்குவார்கள். பயம் தெளியுமாம். காசு கொடுத்து முடி வாங்கித் தாயத்தில் அடைப்பார்கள். அந்தச் சிறுவனின் தாயத்து அந்நாளின் எச்சமே.

வட இந்தியாவிலும் கர்நாடகம் போன்ற பகுதிகளிலும் கரடியாட்டத்தைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்டிருந்த கலந்தர்கள் நம் மார்க்கத்தைச் சேர்ந்த எளிய நாடோடி மக்கள். குட்டியின் மூக்கைப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளைத்துக் கயிறு கோப்பதும், பல்லை உடைப்பதும் அத்தொழிலின் ஆரம்பப் பாடங்கள். காட்டில் தாயைக் கொன்றாலன்றிக் குட்டி கையில் கிடைக்காது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதனைத் தடை செய்தும், வேறு பிழைப்பு அறியாத அவர்கள் அதனை விடவில்லை. பின்னர் தொண்டு நிறுவனத்தாரும் அரசும் சேர்ந்து அவர்களுக்கு மாற்றுத் தொழிலுக்கு முதலும் பிள்ளைகளுக்குக் கல்வியும் அளித்து, ஆக்ராவிலும் பெங்களூருக்கு அருகே பன்னேர்கட்டாவிலும் கரடிகளுக்கான மறுவாழ்வு நிலையங்களை அமைத்தனர். அறுநூறுக்கும் மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டன. 2009 டிசம்பரில் கடைசி ஆட்டக் கரடியும் ஒப்படைக்கப்பட்டது.

கயிற்றை விட்டுவிட்டுக் கண்ணியமான தொழிலைக் கைக்கொண்ட அக்குடும்பங்களை நான் மனமார வாழ்த்துகிறேன். சட்டத்தால் மட்டும் முடியாத காரியம், பசிக்கு வழி செய்தபோது முடிந்தது என்பதையும் கவனியுங்கள்.

மாரண்டஹள்ளி தந்த பாடம்

இறுதியாக, நம் ஊரருகே நடந்த ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது. 2023 மார்ச்சு மாதம், மாரண்டஹள்ளியை அடுத்த காளிக்கவுண்டன்கொட்டாயில் விளைநிலத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உயிர் தப்பிய இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றித் தவித்ததைக் கண்டவர் எவரும் எளிதில் மறக்கமாட்டார்.

கடன் வாங்கி விதைத்த பயிரை ஓரிரவில் இழக்கும் உழவனின் வேதனை எனக்கும் தெரியும். ஆனால் மின்கம்பிக்கு யானை, கரடி, மனிதன் என்ற வேறுபாடு தெரியாது. அதே கம்பியில் நாளை நம் வீட்டுப் பிள்ளையின் கையும் படலாம். பயிரிழப்புக்கு இழப்பீடு கோரவும், விலங்கை விரட்ட வனத்துறையை அழைக்கவும் வழியிருக்க, இருளில் மரணத்தைக் கட்டி வைப்பது நமக்கு ஆகுமானதன்று. தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் கொன்றவள் தண்டிக்கப்பட்டதையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், தோட்டத்து வேலியில் அவற்றை மறக்கலாமா?

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அச்சிறுவனின் பாட்டனாரே என்னைத் தேடி வந்தார். பேரன் வீட்டில் பாடம் முழுவதையும் ஒப்பித்திருக்கிறான்.

"ஹஜ்ரத், என் ஆடுகளின் கழுத்தில் மணி கட்டித்தான் இருக்கிறேன். ஆனால் நான் எப்போதும் ஆடுகளுக்கு முன்னே பத்து முழம் நடப்பேன். மணிச் சத்தம் வந்து சேருமுன் நான் போய்ச் சேர்ந்துவிடுகிறேன். அன்றைக்கு அது குட்டியோடு விலகிப் போனது அல்லாஹ்வின் கிருபை" என்றார்.

கையிலிருந்த தடியை உயர்த்திக் காட்டினார். அதன் தலையில் ஆட்டு மணி ஒன்று புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. "இனிமேல் கதவைத் தட்டிவிட்டே போகிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிச் சென்றார். தெருக்கோடி வரை அந்த மணியோசை கேட்டுக்கொண்டிருந்தது.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் காப்பானாக! அவனுடைய படைப்புகள் அனைத்தின் மீதும் இரக்கம் கொள்ளும் மனத்தை நமக்கு அருள்வானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.